வரி வாங்காத வீடு

புரட்டாசி வெயில் சாய்ந்து, புழுதி அடங்கி, பொட்டலெங்கும் விளக்கெரியும் இந்தப் பொன்மாலைப் பொழுதில், பாராட்டு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நெடுங்கரைப்பட்டியின் மூத்தவர், முத்தாலம்மன் திருவிழாக் கமிட்டித் தலைவர் நல்லகாமன் ஐயா அவர்களே, சம்பளம் தரும் கையும் தவறு கண்டால் கண்டிக்கும் வாயும் ஒருங்கே வாய்ந்த எங்கள் மிஷன் பள்ளியின் தாளாளர் இம்மானுவேல் ஐயா அவர்களே, விழாவின் நாயகர், நூல் மில்லின் நிறுவனர், தொழிற்செம்மல் கண்ணுச்சாமி அண்ணன் அவர்களே, உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து முன்வரிசைப் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து சேர்ந்திருக்கும் மில் தொழிலாளர்களே, எழுமலையிலிருந்தும் டி. கல்லுப்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே. பந்தலுக்குள் நாற்காலி காலியாகக் கிடக்க, டீக்கடை வாசலில் நின்றே பேச்சு கேட்பது என்று நேர்ந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளைமார்களே, உங்கள் அனைவருக்கும் சர்ச் தெரு பெர்சி டீச்சரின் வணக்கம்.

இன்னும் ஒருவருக்கு நான் வணக்கம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தகுதி இப்போது என் வாய்க்கு இல்லை. பேச்சு முடிவதற்குள் அந்தத் தகுதி வந்தால் சொல்கிறேன்.

'அண்ணன் கண்ணுச்சாமி உயர்ந்தது எப்படி?' இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தமிழ் டீச்சரிடம் தலைப்பைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? எழுதினேன். 'வாடாத வள்ளல், வற்றாத வைகை' என்று தொடங்கி எழுதினேன். சிரிக்காதீர்கள். வைகை வற்றிக் கிடக்கிற அழகை மதுரை போகும்போதெல்லாம் பார்க்கிறவர்கள்தான் நாம். மோனைக்காக எழுதிவிட்டேன். மோனைக்காகப் பொய் சொல்லலாம் என்று எனக்கு யாரும் அனுமதி தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பேச்சை இங்கே பேசப் போவதில்லை. மேடையில் வந்து உட்கார்ந்த பிறகு, என் கண்ணெதிரே ஒன்று நடந்தது. அதன்பின் அந்த மோனைகள் என் தொண்டையை விட்டு மேலே ஏறவில்லை.

பந்தல் வாசலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். தொண்டர்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றார். கம்மாய்க்குக் கீழே கிணற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற நாகஜோதி. கணவர் சூரியபிரகாஷ் கேரளத்தில் கட்டட வேலையில் இருக்க, நிலத்தையும் வீட்டையும் ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொள்கிற நாகஜோதி. வாசலில் நின்ற தொண்டர் கையை நீட்டி மறித்தார். "உள்ள இடமில்லக்கா" என்றார்.

இடமில்லையா? இதோ, எனக்கு நேரே இரண்டு வரிசை நாற்காலி காலி. நாகஜோதியும் அந்த நாற்காலிகளைப் பார்த்தார். மறித்தவரின் முகத்தைப் பார்த்தார். திரும்பி, ரோட்டோரம் பேனர் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மறித்தவர் யார் என்று கேட்கிறீர்களா? என் கூடப்பிறந்த தம்பி ஜூடு. அண்ணன் மில்லில் சூப்பர்வைசர். சரி, தம்பி மறித்தான், அக்காள் என்ன செய்தாள்? மேடையிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து, பொன்னாடையின் சரிகையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பொன்னாடை கனத்தது, எழ முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது ஒரு துண்டு கனம்கூட இல்லை. எழுந்திருக்க முடியும். எழவில்லை. அன்பு நிறைந்த பெரியோர்களே, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யார் அங்கே, "தலைப்புக்கு வாங்க டீச்சர்" என்பது? தலைப்பில்தான் நிற்கிறேன் தம்பி. ஓர் அங்குலம்கூட விலகவில்லை. அண்ணன் உயர்ந்தது எப்படி என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உழைத்தார். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். செல்லூர்ச் சந்துகளில் தறிக்கூடம் தறிக்கூடமாக நூல் மூட்டை சுமந்தவர் இவர். தறி ஓட்டினார், பிறகு தறி வாங்கினார், பிறகு தறிகளுக்கு நூல் போடுகிற மில்லையே நம் ஊர் மேட்டில் கட்டினார். மில்லில் வேலை கிடைத்ததால் நம் ஊரில் எத்தனை பேர் திருப்பூருக்குப் போகாமல் தப்பித்தார்கள். எத்தனை வீட்டில் பெண்பிள்ளைக்கு வரன் வந்தது. மில் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் நன்றி கெட்டவள் இல்லை.

ஆனால் உழைப்பு ஒருவரைப் பணக்காரராக்கும். உழைத்தவரெல்லாம் அதிகாரம் உள்ளவர் ஆகிவிடுகிறாரா? ஆகிவிட்டால் நம் கம்மாய்க் கரையில் கருவேலம் வெட்டுகிற பெண்கள் எல்லாம் கலெக்டராகியிருப்பார்கள். பணம் மில்லில் விளைந்தது. அதிகாரம் எங்கே விளைந்தது? அது நம் வீட்டு வாசலில் விளைந்தது. நாம்தான் தண்ணீர் ஊற்றினோம்.

ஒரு நாளைச் சுற்றிப் பாருங்கள். காலையில் குடிக்கிற நல்ல தண்ணீர், அண்ணன் வைத்த குடிநீர் இயந்திரம். பிள்ளை படிக்கிற வகுப்பறை, அண்ணன் கட்டிக் கொடுத்தது. பஸ்ஸுக்கு ஒதுங்குகிற நிழல், அண்ணன் போட்ட கூரை. தாலி கட்டுகிற மண்டபம், அண்ணன் பெயரில் உள்ளது. சாமிக்கு அடிக்கிற மணியிலும் உபயம், எங்கள் சர்ச்சில் ஓடுகிற மின்விசிறியிலும் உபயம். சாமி நமக்கு எப்படிப் பிரிந்திருந்தாலும், உபயத்தில் நாம் எல்லோரும் ஒன்றாகிவிட்டோம்.

கொடுத்தவரைக் குறை சொல்வதா என்று கேட்பீர்கள். கொடுத்ததில் குறையில்லை. வாங்கிய கையைப் பற்றிப் பேசுகிறேன். என் கையிலிருந்தே தொடங்குகிறேன்.

போன மார்கழியில் எங்கள் அம்மா மரியம்மாள் கர்த்தருக்குள் நித்திரையானார்கள். மதுரையிலிருந்து உறவுகள் வரவேண்டும், உடல் தாங்கவேண்டும். ஊர் மண்டபத்திலிருந்து குளிர்பெட்டி வந்தது. அதுவும் அண்ணன் உபயம். கண்ணாடிக்குள்ளே அம்மா. கண்ணாடிக்கு மேலே, தலைமாட்டில், அண்ணனின் சிரித்த முகம், கும்பிட்ட கையோடு. ஜெபம் சொன்னவர்களும் ஒப்பாரி வைத்தவர்களும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் அழுதோம். பெட்டியை இறக்கி வயரை மாட்டியதும் நானும் ஜூடும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அண்ணனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னது. அம்மாவின் கூடப்பிறந்த அக்காளுக்கே அப்புறம்தான் சொன்னோம். அம்மா இறந்த சேதியை முதலில் வாங்கிக்கொள்கிற இடத்தில் அவரை யார் வைத்தது? அவர் கேட்டாரா? கேட்கவில்லை. நாமே வைத்தோம்.

இதுதான் அண்ணன் உயர்ந்த முதல் படி. அவர் கேட்கவே மாட்டார். நாம் கொடுத்துவிடுவோம். அவர் கார் வந்தால் பஸ் ஒதுங்குகிறது. ஒதுங்கச் சொல்லி அவர் ஹாரன்கூட அடித்தது கிடையாது. அவர் வந்தால் ஊர்க்கூட்டத்தில் பேச்சு நிற்கிறது. நிறுத்தச் சொல்லி அவர் கை காட்டியதில்லை. "மாப்ள, நல்லாருக்கியா?" என்பார், "அத்தாச்சி, கால் வலி தேவலையா?" என்பார். அவ்வளவுதான் அவர் பேசுவது. மீதியெல்லாம் நாம் பேசிக்கொள்வது.

இனி அந்த ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு வாருங்கள்.

மில்லை விரிவாக்க வேண்டும், லாரி வந்து திரும்ப இடம் வேண்டும். அதற்கு மேட்டிலிருந்து நம் பெரிய கம்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக் கால்வாயை மண் போட்டு மூடிவிட்டு, அதன்மேல் ரோடு போடுவது. ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம். வாசித்தார்கள். கைதூக்கத் தயாராகக் கைகள் மடியை விட்டு எழுந்துவிட்டன. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து நாகஜோதி எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"வரத்த அடைச்சுப்புட்டா கம்மாய்க்குத் தண்ணி எங்கிட்டிருந்து வரும்?"

அதற்குப் பதில் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வராது. கம்மாய் நிறையாது. கீழே இருக்கிற கிணறுகள் ரெண்டு கோடைக்குள் வறண்டு, நாகஜோதி வயலும் உங்கள் வயலும் ஒன்றுபோல் வெடிக்கும். தீர்மானத்தை அடுத்த கிராம சபைக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கிராம சபை எப்போது? நாளைக் காலை, காந்தி ஜெயந்தி. இந்த விழா ஏன் இன்றைக்கு வைத்திருக்கிறது என்று யாராவது யோசித்தோமா? நானும் யோசிக்கவில்லை. மோனை தேடிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் நாகஜோதியின் மாமனார் காளை இறந்தார். மகன் கேரளத்திலிருந்து வந்து சேர வேண்டும். குளிர்பெட்டி கேட்டு மண்டபத்துக்கு ஆள் போனது. "பெட்டி ரிப்பேரு" என்று பதில் வந்தது. பெட்டி ரிப்பேர் இல்லை. என் அம்மாவைக் குளிர வைத்திருந்த அதே பெட்டி, மண்டபத்து மூலையில் துணி போர்த்தி, நன்றாகவே இருந்தது. உசிலம்பட்டி மீன் மார்க்கெட்டில் ஐஸ்கட்டி வாங்கி, ஆட்டோவில் கொண்டுவந்து, கட்டிலில் பரப்பி, சாக்கு விரித்து அதன்மேல் காளையைக் கிடத்தினார்கள். அழகம்மாள், காளையின் மனைவி, கட்டிலுக்குக் கீழே ஒழுகின தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டே அழுதார். அழுகையை நிறுத்திவிட்டு மருமகளிடம், "ஒம் மாமா மீன்வாடைய கிட்டத்துலயே சேத்ததில்லயே தாயி" என்றார்.

நான் அந்தத் துட்டிக்குப் போயிருந்தேன். கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

பெட்டி ரிப்பேர் என்று சொன்னது யார்? பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னால் ஒருத்தர் தலையில் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அண்ணன் அன்று ஊரிலேயே இல்லை. கோயம்புத்தூரில் மெஷின் பார்க்கப் போயிருந்தார். இதோ, இப்போது என்னைத் திரும்பிப் பார்க்கிறார். ஆமாம் அண்ணே, உங்களுக்கு இது தெரியவே தெரியாது. அதுதான் அண்ணே எனக்குப் பயமாக இருக்கிறது.

அதிகாரம் என்றால் அதட்டல் என்று நினைத்திருந்தேன். ஆணை என்று நினைத்திருந்தேன். அரிவாளும் ஆள்பலமும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உத்தரவு போட்டால்தான் காரியம் நடக்கும் என்றால் அது சின்ன அதிகாரம். இவருக்குப் பிடிக்காது என்று நாமே நினைத்து, நாமே முடிவெடுத்து, நாமே ஒரு சாவு வீட்டில் பெட்டியை மறுத்தோமே, அதுதான் பெரிய அதிகாரம். அதற்குக் கையும் காலும் நாம். அதற்கு வாய் நாம். இன்று வாசலில் கயிறு பிடித்து நிற்பதும் நாம். ஜூடு, உன்னை யாராவது மறிக்கச் சொன்னார்களா? இல்லை என்று தலையை ஆட்டுகிறான். சொல்லவில்லை. எனக்குத் தெரியும்டா. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கையைக் கீழே இறக்கு தம்பி. "போதும்க்கா" என்று நீ காட்டுவது எனக்குத் தெரிகிறது. நாளைக்கு உன் வேலை என்ன ஆகும் என்றும் தெரியும். என் வேலை என்ன ஆகும் என்று தாளாளர் ஐயாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. முக்கியமானதே இனிமேல்தான்.

பெரியோர்களே, தலைக்கட்டு வரி என்றால் என்ன? இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், வெளியூர்க்காரர்களுக்காக. வீட்டுக்கு ஒரு வரி. பணக்காரன் வீட்டுக்கும் அதே வரி, பறையடிப்பவர் வீட்டுக்கும் அதே வரி. முத்தாலம்மன் திருவிழாவுக்கும் அதிலிருந்துதான், கம்மாய் மராமத்துக்கும் மடை காவலுக்கும் அதிலிருந்துதான். எங்கள் சர்ச் தெருவும் கம்மாய்ப் பங்குக்கு வரி கொடுக்கும். கொடுத்த வீட்டுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் வாய் உண்டு. ஒரு வீட்டைத் தண்டிக்க வேண்டுமென்றால் நம் ஊரில் அடிக்க மாட்டார்கள், வைய மாட்டார்கள். அந்த வீட்டு வரியை வாங்க மாட்டார்கள். வரி வாங்காத வீடு என்றால் ஊரை விட்டுத் தள்ளிவைத்த வீடு. அந்த வீட்டுக்காரர் கூட்டத்தில் வாய் திறந்தால், "நீ வரி குடுத்தியா?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்த வருடம் என்ன நடந்தது? அண்ணன் பெரிய மனது பண்ணினார். "ஊரு மொத்தத்துக்கும் வரிய நானே கட்டிடுறேன். யார்கிட்டயும் வாங்க வேணாம்" என்றார். எம்புட்டு சந்தோசப்பட்டோம். வெடி போட்டோம். வெடிச்சத்தம் கேட்டு என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். "என்ன டீச்சர்?" என்றார்கள். "ஊருக்கு நல்ல காலம்" என்றேன்.

ஊர் வெடி போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நாகஜோதி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தன் வீட்டு வரியை வைத்து எடுத்துக்கொண்டு நல்லகாமன் ஐயா வீட்டுக்குப் போனார். ஐயா, நான் சொல்வதில் தப்பிருந்தால் திருத்துங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"இந்த வருசம் வரி இல்லத்தா. மொதலாளி கட்டிட்டாரு. கொண்டுபோ."

நாகஜோதி தட்டை நீட்டியபடியே நின்றார். "எங்க வீட்டு வரிய அவரு எதுக்கு மாமா கட்டணும்?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். "காசு மிச்சம்தான, போத்தா" என்றீர்கள். அதற்கு அவர் கேட்டார்.

"அப்ப நாளைக்கி மடை தொறக்கையில, வரி கட்டுனவரு ஒருத்தரு வயலுக்குத்தான் தண்ணி விடுவீகளா மாமா?"

என்னிடம் இதைச் சொன்னது வேறு யாருமல்ல, ஐயா வீட்டு அம்மாதான். சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். இன்று இந்த மேடையில் உட்கார்ந்து, காலி நாற்காலிகளையும் கயிற்றையும் கம்பத்தோரம் நிற்கிறவரையும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது என் மண்டையில் ஏறியது. வரி வாங்காத வீடு தள்ளிவைத்த வீடு. சரிதானே? இந்த வருடம் எந்த வீட்டில் வரி வாங்கினார்கள்? உங்கள் வீட்டில் வாங்கினார்களா? உங்கள் வீட்டில்? முன்வரிசை அம்மா, உங்கள் வீட்டில்? என் வீட்டில் வாங்கவில்லை. ஊர் முழுவதும் வரி வாங்காத வீடு. ஒரு வீட்டை ஊர் தள்ளிவைத்ததைப் பார்த்திருக்கிறோம். ஊரே தன்னைத் தள்ளிவைத்துக்கொண்டு வெடி போட்டதைப் பார்த்திருக்கிறோமா? நாளைக் காலை கிராம சபையில் வரத்துக் கால்வாய் வேண்டும் என்று நம்மில் ஒருவர் எழுந்தால், சட்டம் என்னவோ பேச விடும். ஆனால் "நீ வரி குடுத்தியா?" என்று நம் மனசே கேட்குமே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? தெரு நாய்கூட தன் தெருவில் நின்று குரைக்கும். நமக்கு நிற்கத் தெரு இல்லை. விற்கவும் இல்லை நாம். விற்றாலாவது விலை கேட்டிருப்போம். மிச்சம் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

என்ன, மைக் கரகரவென்கிறது? ஓ, மைக் செட்டுக்காரரிடம் யாரோ சைகை காட்டுகிறார்கள். காட்டட்டும். நியாயம்தான், மைக் செட்டும் உபயம்தானே. ஒரு நிமிடம். அண்ணன் எழுந்து நிற்கிறார். என்ன அண்ணே?

கேட்டீர்களா, அண்ணன் சொன்னதை? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "விடுங்கப்பா, பேசட்டும். நம்ம டீச்சர்தான. நம்மகிட்ட பேசாம வேற யார்கிட்ட பேசுவாக" என்றார்.

கை தட்டுகிறீர்கள். என் பேச்சு முழுவதற்கும் ஒரு கைதட்டல்கூட விழவில்லை. இதற்கு இவ்வளவு தட்டல். "என்ன பெருந்தன்மை பாருய்யா" என்று ஒரு குரல் கேட்கிறது. உண்மைதான், பெருந்தன்மைதான். எனக்கே ஒரு கணம் கண் கலங்கியது, நன்றி சொல்லக் கை குவியப் போனது. பாருங்கள், இந்தக் கைகளை. அவருக்கு எதிராகப் பேசுவதற்கும் அவரிடமே அனுமதி வாங்கி, அவருக்கே நன்றி சொல்லப் போனேன். அந்த அனுமதியிலும் அவரே இன்னும் ஒரு முழம் உயர்ந்துவிட்டார். அண்ணன் உயர்ந்தது எப்படி? இதோ, இப்படித்தான். உங்கள் கண்ணெதிரே, என் வாயை வைத்தே உயர்ந்துவிட்டார். இந்தப் பேச்சுக்கும் உபயம் அவரே. இதைவிடப் பெரிய வெட்கம் எனக்கு இனி வேண்டாம்.

ஆகவே அண்ணே, உங்கள் அனுமதிக்கு வணக்கம். அதைத் திருப்பித் தருகிறேன். இந்த மைக்கை இங்கே வைக்கிறேன்.

கேட்கிறதா? கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? வகுப்பறையில் மதியத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை எழுப்பிய தொண்டை இது, கொஞ்சம் முன்னால் நெருங்கி வந்தால் கேட்கும். வாருங்கள். மாப்பிள்ளைமார்களும் டீ கிளாஸை வைத்துவிட்டு உள்ளே வாருங்கள், ஒலிபெருக்கிக் குழாய் நின்றுவிட்டது, அங்கே இனிமேல் ஒன்றும் காதில் விழாது.

நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். மில் இருக்கட்டும், வளரட்டும். வடக்கே தரிசு கிடக்கிறது, லாரி அங்கே திரும்பட்டும். வரத்துக் கால்வாய் ஊர்ச் சொத்து. அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் வரி கொடுத்த வீடுகள் பேச வேண்டியது. அதனால் நாளைக் காலையில் கிராம சபைக்குப் போகும் முன்னால் நான் கோயில் பொட்டலுக்கு வருவேன், எங்கள் வீட்டு வரியோடு. இந்த வருடம் வரி இல்லை என்று சொன்னாலும் கொடுப்பேன். ஐயா வாங்காவிட்டால் அம்மன் வாசல் படியில் வைப்பேன். கிறிஸ்தவச்சி எங்கள் படியில் வரி வைப்பதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அது சாமிக்கு இல்லை, கம்மாய்க்கு. நல்லகாமன் ஐயா, வாங்குவீர்களா?

ஐயா தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடிக்கிறார். மடித்து நாற்காலிக் கையில் வைக்கிறார். அது பதிலா, புழுக்கமா என்று எனக்குத் தெரியாது. காலையில் தெரியும். நீங்கள் வருவீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கெஞ்சவும் மாட்டேன். கெஞ்சி வந்தால் அதுவும் எனக்கு நீங்கள் தந்த உபயமாகிவிடும்.

ஏன் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம், நாகஜோதி. குழாயில் கேட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்றவர், சத்தம் நின்றதும் கேட்பதற்காகக் கிட்டே வந்திருக்கிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் ஜூடு.

தம்பி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உன்னை மறிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவிழ்க்கச் சொல்லியும் யாரும் சொல்லக் கூடாது.

அவிழ்க்கிறான். முடிச்சு இறுகிக் கிடக்கிறது, பல்லால் கடித்து அவிழ்க்கிறான்.

வாங்க நாகஜோதி. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. மேடையில் என்னுடையதும் காலிதான், நான் நின்றுகொண்டுதானே பேசுகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், கடைசிவரை கேட்ட அண்ணனுக்கும், என் நன்றி. தொடக்கத்தில் ஒருவருக்கு வணக்கம் சொல்லாமல் வைத்திருந்தேன். தகுதி வந்ததா என்று தெரியவில்லை, ஆனாலும் இனிமேல் தாமதித்தால் அதுவும் ஒரு வெட்கம்.

இந்த வருடம் ஊரிலேயே வரி கொண்டுவந்த ஒரே வீட்டுக்காரர், நாகஜோதி அவர்களே, வணக்கம்.